விதை வரவில்லையா? தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஒன்றைத் தோண்டிப் பாருங்கள்

எங்கள் கொல்லை மூன்று சென்ட்தான். காவிரிப் பாசன வண்டல் மண், ஒரு மூலையில் கைப்பம்பு, மறு மூலையில் துவைக்கிற கல், நடுவில் கிடைத்த இடத்திலெல்லாம் செடி. 15 வருஷமாக இங்கே விதை போட்டு நான் செய்யாத தப்பு கிடையாது. விதை வரவில்லை என்றால் கை தானாகத் தண்ணீர்ச் செம்புக்குத்தான் போகிறது. நேற்று ஊற்றியது போதவில்லை போல என்று இன்னும் ஒரு செம்பு. அதை ஊற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். விதைத்த இடத்தில் ஒன்றே ஒன்றை ஈர்க்குச்சியாலோ பழைய ஸ்பூனாலோ மெதுவாகக் கிளறி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். என்ன ஆச்சு என்று விதையே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கோளாறு எதுவோ, கீழே அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

தோண்டுவதற்கு முன் நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். முளைக்கீரை 3 முதல் 5 நாளில் தலை காட்டும். தக்காளிக்கு ஒரு வாரம், கத்தரிக்கு 7 முதல் 10 நாள், மிளகாய்க்கு 8 முதல் 15 நாள். கொய்யா, பப்பாளி எல்லாம் இரண்டிலிருந்து நாலு வாரம் எடுக்கும். மிளகாய் போட்டு ஆறாம் நாள் கவலைப்படுகிறவர்கள் இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம். அப்புறம் எல்லா விதையும் முளைத்தே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். சான்று பெற்ற மிளகாய் விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம்தான், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70. பத்தில் மூன்று நாலு வராமல் போனால் அது கோளாறே இல்லை.

தோண்டினால் விதை போட்டபடியே கல் மாதிரி கிடக்கிறது

மேலே மண் ஈரமாக இருந்தும் விதை ஊறவே இல்லை என்றால் தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை. சரக்கொன்றை, புளி, வாகை போன்ற நெற்று வகை மரங்களில் இது சகஜம். மாட்டு வயிற்றுக்குள் போய் வந்தாலோ, ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்து மக்கினாலோ தானாக இளகும் தோல் அது. அத்தனை நாள் காத்திருக்க முடியாதவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அதன் பிறகு விதையைப் போட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடலாம். அடுப்பிலேயே வைத்துப் போட்டால் அது சுண்டல். காலையில் உப்பியவற்றை உடனே விதையுங்கள், உப்பாததை மறுபடி வெந்நீரில் போடுங்கள். நாலைந்து விதைதான் இருக்கிறது என்றால் இதைவிடச் சுலபம், உப்புத்தாளிலோ சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ ஒரு பக்கத்தைத் தேய்த்து, உள்ளே வெளுப்பு தெரிந்ததும் நிறுத்தி ஊறப்போட வேண்டியதுதான். காம்பு ஒட்டியிருந்த முனையை மட்டும் தொடாதீர்கள், வேர் வரும் இடம் அங்கேதான்.

பாகல், புடலை, சுரை, பீர்க்கு இவற்றுக்கு வெந்நீர் வேண்டாம். பாகல் விதையின் ஓரத்தை நகவெட்டியால் ஓடு மட்டும் விரிசல் விடும் அளவுக்கு மெல்லக் கடித்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் போட்டு, காலையில் ஈரத்துணியில் சுருட்டி ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடி அடுப்படி அலமாரியில் வையுங்கள். தினம் ஒருமுறை திறந்து காற்றுக் காட்ட வேண்டும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ துணியைப் பிரித்தால் கூர்முனையில் நொய்யரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கும். அன்றைக்கே மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நான் ஒருமுறை இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டதில் வேர் துணி இழைக்குள் புகுந்துகொண்டு, பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றாக ஒடிந்தது.

இதே துணி வைத்தியம் பழைய விதைக்குப் பரீட்சையாகவும் ஆகும். பத்து விதையைச் சுருட்டி வையுங்கள். ஏழு எட்டு வந்தால் தாராளமாக விதைக்கலாம், மூன்று நாலு வந்தால் இரண்டு மடங்காகத் தூவலாம், அதற்கும் கீழே என்றால் மண்ணையும் நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.

நசுக்கினால் கூழாகப் பிதுங்குகிறது, புளித்த வாடை வருகிறது

அழுகல். ஒன்று தண்ணீர் அதிகம், அல்லது விதை ஏற்கெனவே செத்தது. தொட்டியாக இருந்தால் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேல் மண்ணைக் கையில் பிடித்து நசுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த ஈரம் போதும். மண்ணுக்கு மேல் கொசு மாதிரி கறுப்பாகச் சின்னச் சின்னப் பூச்சி பறந்தால் அதுவும் தண்ணீர் அதிகம் என்பதற்கு அடையாளம்தான்.

விதையை ஆழமாகப் போட்டிருந்தாலும் இதே கதி. விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதைக்கு ஆழமே கிடையாது, மணலோடு கலந்து தூவி, கையால் தட்டிவிட்டு, மேலே ஒரு பிடி மண்ணைத் தூவினால் முடிந்தது.

மர விதை என்றால் செத்த விதையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காய்கறி விதையை நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து டப்பாவில் போட்டுப் பட்டம் வரும்போது எடுப்பது நமக்குப் பழக்கம். ஆனால் வேம்பு, கறிவேப்பிலை, பலா, மா, நாவல் இதெல்லாம் காய்ந்தால் செத்துப்போகும் சாதி. ஒரு ஆனி மாதம் எதிர்த்த வீட்டு வேப்பமரத்தடியில் பழம் பொறுக்கி, சதை கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, ஐப்பசி மழையில் போடலாம் என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்து வைத்தேன். எண்பதுக்கும் மேலே இருக்கும், ஒன்றுகூட வரவில்லை. அம்மா பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, காக்கா தின்னு துப்புறது மறுவாரமே முளைக்குது, அது என்ன பாட்டில்லயா போட்டு வைக்குது?" என்று கேட்டாள். வேப்பம் விதை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. கறிவேப்பிலைப் பழம் கறுத்து மெத்தென்று ஆனதும் பறித்து, தோலையும் சதையையும் பிதுக்கிக் கழுவி அன்றைக்கே போட வேண்டும். பலாக்கொட்டைக்கு வழவழப்புப் போகக் கழுவுவது ஒன்றுதான் வேலை, குழம்பில் போட்டது போக மிச்சத்தை அந்த வாரமே ஊன்றிவிடுங்கள். மாங்கொட்டையைக் காயவிடாமல் ஓரமாகக் கத்தியால் நெம்பி ஓட்டைப் பிரித்து உள்ளே உள்ள பருப்பை மட்டும் புதைத்தால் சீக்கிரம் வரும். பிரிக்கும்போது சில கொட்டைக்குள் பருப்புக்குப் பதில் கறுப்பு வண்டு உட்கார்ந்திருக்கும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. பிரித்துப் பார்க்காதவர்கள் அதற்கு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

பப்பாளிக் கதை வேறு. விதையைச் சுற்றி ஜவ்வரிசி மாதிரி ஒரு கூழ்ப்பை இருக்கிறதே, அது முளைப்பைத் தடுக்கும். விதையைச் சாம்பலில் போட்டுத் தேய்த்து அந்தப் பை உடைந்து போகும்வரை கழுவி, நிழலில் உலர்த்திப் போடுங்கள்.

தோண்டினால் விதையையே காணோம்

எறும்பு, எலி, அணில். கீரை விதை என்றால் சந்தேகமே வேண்டாம், எறும்புதான்; தூவிய அரைமணியில் வரிசை கட்டிவிடும். பாத்தியைச் சுற்றிலும் நொய்யோ அரிசி மாவோ தூவிவிட்டால் அதைத் தூக்கவே அதற்கு நேரம் சரியாக இருக்கும். அணிலுக்கும் மைனாவுக்கும் பழைய கொசுவலையைக் குச்சி நட்டுப் போர்த்துவதைத் தவிர எனக்குத் தெரிந்து வழியில்லை.

விதை முளைத்திருக்கிறது, ஆனால் மண்ணுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது

எங்களைப் போல வண்டல் மண், களிமண்காரர்களுக்கு வருவது இது. செம்பால் ஊற்றிய தண்ணீரில் மண் கரைந்து படிந்து, மறுநாள் வெயிலில் அப்பளமாகக் காய்ந்துவிடும். கீழே வெண்டையோ கொத்தவரையோ வெள்ளைக் கழுத்தை வளைத்துக்கொண்டு முட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோயிருக்கும். மேல் ஓட்டை விரலால் லேசாக நொறுக்கிவிட்டு, பூவாளியால் தெளித்து, மெல்லிசாக வைக்கோல் பரப்புங்கள். பாதி பிழைக்கும். முளை தெரிந்த அன்று சாயங்காலமே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். பூவாளி இல்லாதவர்கள் தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியைச் சுட்டுப் பத்து ஓட்டை போட்டுக்கொள்ளலாம். செம்பையும் பைப்பையும் மட்டும் நாற்றங்கால் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

கொத்தமல்லி மட்டும் வரவே மாட்டேன் என்கிறது

முழுசாகப் போட்டீர்களா? அது ஒரு காய், உள்ளே இரண்டு விதை. செருப்புக்காலாலோ சப்பாத்திக் கட்டையாலோ இரண்டாக உடைபடும் அளவுக்கு மட்டும் உருட்டி, ஊறவைத்துப் போடுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் போட்டிருந்தால் விதையைக் குறை சொல்லாதீர்கள். கேரட், முட்டைக்கோஸுக்கும் அப்படித்தான். சமவெளியில் ஐப்பசி கார்த்திகைக்கு முன் அதை நினைக்கவே வேண்டாம்.

முளைத்து நன்றாக இருந்தது, காலையில் பார்த்தால் படுத்துவிட்டது

மனசு விட்டுப் போகிற கோளாறு இதுதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். படுத்த நாற்று ஒன்றை எடுத்துக் கழுத்தை, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். மேலே இரண்டு இலையும் பச்சையாக, எதுவுமே நடக்காதது போல இருக்கும். கழுத்து மட்டும் நனைந்த நூல் மாதிரி மெலிந்து பழுப்பாக நீர்கோத்து இருக்கும். இது நாற்றழுகல், மண்ணில் இருக்கும் பூஞ்சையின் வேலை. தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றிலும் வரும். விழுந்தது விழுந்ததுதான், நிமிர்த்தி மண் அணைத்துப் பயனில்லை. பக்கத்தில் நிற்பதைக் காப்பாற்ற, விழுந்தவற்றை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, நெருக்கமாக நிற்பதைக் கலைத்து, இரண்டு நாளைக்குத் தண்ணீரை நிறுத்தி, காற்றும் காலை வெயிலும் படும் இடத்துக்குத் தட்டை நகர்த்துங்கள். பரவுகிற மாதிரி தெரிந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மண் நனைய ஊற்றலாம். கையுறை போட்டுக்கொண்டு ஊற்றுங்கள், அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

அடுத்த தடவை வராமல் இருக்க, கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்து விதைக்கச் சொல்வார்கள். வீட்டில் நாம் போடும் ஐம்பது விதைக்கு அது ஒரு சிட்டிகைகூட வராது, விதை மேல் தூசி ஒட்டினால் சரி. ஆனால் என் அனுபவத்தில் மருந்தைவிட முக்கியம் நெருக்கம்தான். ஒரு பாக்கெட் விதையை ஒரே தொட்டியில் கொட்டிப் போர்வை மாதிரி முளைக்க வைத்தால் எந்த மருந்தும் காப்பாற்றாது. குழித்தட்டில் குழிக்கு ஒன்று என்று போட ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

கழுத்து மெலியாமல், கத்தரிக்கோலால் நறுக்கியது போலத் துண்டாகி மேல்பாகம் பக்கத்தில் கிடந்தால் நோய் இல்லை, வெட்டுப்புழு. அந்த இடத்தைச் சுற்றி ஓரங்குல ஆழம் கிளறினால் சாம்பல் நிறத்தில் வளையமாகச் சுருண்டு கிடப்பான். இலையும் இல்லாமல், பக்கத்தில் காய்ந்த எச்சில் கோடு பளபளத்தால் நத்தை. ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். உப்பைச் செடியடியில் தூவ வேண்டாம்.

நாற்று நெட்டையாக, வெளிறி, ஒரே பக்கம் சாய்கிறது

முளைப்பாரி பார்த்திருப்பீர்கள். இருட்டறையில் வைத்து வளர்ப்பதால்தான் அது அவ்வளவு உயரமாக மஞ்சளாக நிற்கிறது. ஜன்னலோரத்திலும் சன்ஷேடுக்கு அடியிலும் வைத்த நாற்றுக்கும் அதே நிலைமைதான், வெளிச்சம் தேடி ஓடுகிறது. எடுத்தவுடன் உச்சி வெயிலில் வைத்தால் கருகிவிடும். முதல் மூன்று நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நெட்டையான தக்காளியை நடும்போது தண்டில் பாதிவரை புதைத்துவிடலாம், புதைந்த இடமெல்லாம் வேர் விடும். இதைப் பப்பாளிக்கும் பூசணி வகைக்கும் செய்துவிடாதீர்கள், தண்டு அழுகும்.

விதையோடு தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கிறது

பாகல், பூசணி, பப்பாளியில் பார்க்கலாம். பிய்க்க வேண்டாம், இலையும் சேர்ந்து வரும். சொட்டுத் தண்ணீர் விட்டு அரைமணி கழித்துத் தொட்டால் பாதி நேரம் தானாகக் கழன்றுவிடும். என் மகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் ஒரு சுற்று போய்த் தொப்பி கழற்றிவிட்டுத்தான் போவாள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. அடியில் உள்ள விதையிலை இரண்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அதன் வேலை முடிந்தது, விட்டுவிடுங்கள். அதற்கு மேலே உள்ள கீழ் இலைகளும் வெளுத்தால் பசி. வெறும் தென்னை நார்க்கழிவில் வளர்ப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும், ஏனென்றால் அதில் ஈரம் நிற்குமே தவிரச் சாப்பாடு எதுவும் இல்லை. இரண்டு பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்ததும் அப்படியே பயன்படுத்தாமல், சாயத் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும், உப்பு இருக்கும்.

புது இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. உப்புப் போர்த்தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது அதிகம். நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கிடைக்கும். லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம், கூட அரை எலுமிச்சம்பழச் சாறு, சாயங்காலமாக இலையில் தெளிப்பு. வளர்ந்த செடிக்கு 5 கிராம்வரை போகலாம்.

எடுத்து நட்டதும் வாடிவிட்டது

மதியம் நட்டிருப்பீர்கள், அல்லது வேர் மண் உதிர்ந்திருக்கும். சாயங்காலம் நட்டு, மூன்று நாள் தென்னங்கீற்றோ பூவரசங்கிளையோ குத்தி நிழல் கொடுங்கள். புடலை, பீர்க்கு, வெண்டை, முருங்கை இவற்றை இடம் மாற்றாமல் நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுவதுதான் நல்லது. விதையில் வளர்வது செடிமுருங்கை, பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்-1 அந்த வகை, ஆறு மாதத்தில் காய்க்க ஆரம்பித்துவிடும். மரமுருங்கையை விதை போட்டு வளர்க்க வேண்டியதில்லை, ஒரு போத்தை, அதாவது கிளைத்துண்டை, வெட்டி நட்டாலே போதும்.

நன்றாக வளர்ந்தது, ஆனால் காய்க்கவில்லை, அல்லது வேறு மாதிரி காய்க்கிறது

"விளையும் பயிர் முளையிலே" என்பதெல்லாம் பப்பாளிக்குச் செல்லாது. ஆண் பெண் தனித்தனியாக வரும் ரகத்தில் எது ஆண், எது பெண் என்பது பூக்கும் வரை, நாலிலிருந்து ஆறு மாதம் வரை, தெரியாது. அதனால் குழிக்கு மூன்று நாற்று நட்டு வையுங்கள். நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ தொங்கினால் ஆண். தண்டை ஒட்டிக் குண்டாகத் தனிப்பூ வந்தால் பெண். ஆண்களில் ஒன்றை விட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

பங்கனபள்ளிக் கொட்டை போட்டால் பங்கனபள்ளி வராது, அதில் ஒரே கரு, அதுவும் கலப்பில் உண்டானது. எலுமிச்சையிலும் நாவலிலும் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பாலும் தாய் மரத்தின் அச்சு இருக்கும், கவலையில்லாமல் வளர்க்கலாம். ஹைப்ரிட் தக்காளியில் எடுத்த விதையும் மாங்கொட்டை மாதிரிதான், ஒன்று உருண்டையாக, ஒன்று நீளமாக, ஒன்று காய்க்காமலே போகும். வேடிக்கைக்காகப் போடலாம்.

பனங்கொட்டை ஊன்றி நாலு மாதம் ஆச்சு, ஒன்றுமே வரவில்லை

ஒரு விதையைத் தோண்டிப் பாருங்கள் என்று மேலே அத்தனை தடவை சொன்னேன், இதற்கு மட்டும் வேண்டாம். பனை முதலில் கீழேதான் போகும். கொட்டையிலிருந்து ஒரு குழல் மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில்தான் செடியே உருவாகும்; மேலே ஓலை தெரிவதற்கு இன்னும் பல மாதம் ஆகும். ஒரு புரட்டாசியில் வேலியோரம் பத்துக் கொட்டை ஊன்றிவிட்டு, தை பிறந்ததும் பொறுமை போய் நாலைத் தோண்டினேன். நாலுக்கும் ஒரு முழம் நீளத்துக்குக் கிழங்கு. மேலே கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தவுன். இனி அதைத் திருப்பி நடவா முடியும்? மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தாள் அம்மா. தோண்டாமல் விட்ட ஆறில் ஐந்து ஓலை விட்டிருக்கிறது.